யாரு கண்ணு?

வலது காலால் தண்ணீருக்கடியில் எதையோ துழாவிக்கொண்டிருக்கிறார் சாவி. தொடையளவுத் தண்ணீர்தான், குனிந்தால் கைக்கு எட்டிவிடும். ஆனால் குனிய மாட்டார். குனிந்தால் முகம் கீழே போகும், முகத்தோடு கண்ணும் போகும், எதிரே கும்மாளம் போடுகிற இரண்டு வாண்டுகளும் பார்வையிலிருந்து நழுவிவிடும். ஆகவே கால் விரல்களாலேயே தரையை வருடி, தேடிய பொருளைக் கண்டுபிடித்து, கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் இடுக்கி, நாரையைப் போல ஒற்றைக்காலில் நின்று மேலே தூக்கி எடுக்கிறார். வெள்ளெழுத்துக் கண்ணாடி. பூட்டின் துளையைப் பார்க்க வாங்கியது. அதை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே தண்ணீரில் இறங்கிவிட்டார். போன வாரமும் இதேதான் நடந்தது.

ஆள் பூட்டுக்காரர்; சாவி என்பது அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். கடைவீதி மூலையில் அவர் கடை இருக்கிறது. ஒருவர் உள்ளே நின்றால் இன்னொருவர் தெருவில்தான் நிற்க வேண்டும். சுவர் நிறையச் சாவிகள் தொங்கும். யார் வீட்டுக் கதவாவது சாத்திக்கொண்டால், அலமாரி அடம்பிடித்தால், வண்டிச் சாவி தொலைந்துபோனால் எல்லாரும் ஓடி வருவது அவரிடம்தான். ஊசிபோன்ற கம்பி ஒன்றை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, காதைப் பூட்டோடு ஒட்டி வைத்து, ஏதோ ரகசியம் கேட்பது போல நிற்பார். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அப்போது அவர் முகத்தில் வருகிற பூரிப்பைப் பார்ப்பதற்காகவே இன்னொரு பூட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று தோன்றும்.

அப்படிப்பட்டவர் தன் வீட்டுச் சாவியைத் தொலைக்காத மாதமே கிடையாது. குடை, பணப்பை, மதியச் சாப்பாட்டு டப்பா எல்லாம் அவரிடமிருந்து தாமாகவே கழன்று விழுந்துவிடும். ஒரு நாள் வேலைக்குப் போன வீட்டு வாசலில் ஸ்கூட்டரை விட்டுவிட்டு நடந்தே வந்து, வண்டி திருட்டுப்போய்விட்டது என்று கடைவீதியையே கூட்டிவிட்டார். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அதையும் எங்கேயோ மறந்து வைத்துவிட்டான் என்பாள் அவருடைய அக்கா.

அந்த அக்காதான் சனிக்கிழமைதோறும் தன் இரண்டு பிள்ளைகளையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள். பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர் வேலை. சனிக்கிழமை என்றால் அங்கே கூட்டம் தாங்காது. கணவர் லாரி ஓட்டுநர். எந்தச் சனிக்கிழமை எந்த ஊர்ச் சாலையில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. மூத்தது பெண், ஏழு நடக்கிறது. தரையில் கால் பாவாமல் குதித்துக்கொண்டே இருப்பதால் தவளை. இளையவனுக்கு இன்னும் நான்கு முடியவில்லை. உருண்டையாக இருப்பதாலும், எங்கே வைத்தாலும் உருண்டு ஓடிவிடுவதாலும் பட்டாணி.

தன் மூக்குக்கண்ணாடியையே காப்பாற்றத் தெரியாதவனை நம்பிப் பிள்ளைகளை நீச்சல் குளத்துக்கு அனுப்புகிறாயே என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். அக்கா சிரித்துவிட்டுப் போய்விட்டாள். தம்பியைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது பக்கத்து வீட்டுக்கு எப்படித் தெரியும்? தான் மறதிக்காரன் என்பது அவனுக்கே தெரியும். அதுதான் விஷயம். "என் மண்டைய நான் என்னிக்குமே நம்புனதில்லக்கா," என்று முதல் நாளே அவளிடம் சொல்லியிருந்தார். "அதனாலதான் கண்ண எடுக்கறதில்ல."

சொன்னபடியே கண்ணை எடுப்பதில்லை. குளத்தில் அவரோடு பேசுகிறவர்கள் அவர் காதோடுதான் பேச வேண்டும். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன் எத்தனையோ வருஷம் கழித்து எதிர்ப்பட்டுக் கட்டிப்பிடித்தபோது, அவன் தோளுக்கு மேலாகத் தவளையைப் பார்த்துக்கொண்டே "சந்தோஷம்டா, ரொம்ப சந்தோஷம்" என்றார். அவன் மனம் கசந்து போனான். கைப்பேசியைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுவருவதே இல்லை. நுழைவுச்சீட்டு கொடுக்கிற அம்மாளிடம் கொடுத்துவிடுவார். உடை மாற்றும் அறையில் பெட்டிச் சாவியையும் அந்த அம்மாளே வாங்கி வைத்துக்கொள்கிறார். முன்பு அதை இவரிடமே விட்டு, இவர் தொலைத்து, பிறகு தன் பெட்டியைத் தானே கம்பி விட்டுத் திறந்து, பக்கத்தில் துணி மாற்றிக்கொண்டிருந்தவர் திருடன் திருடன் என்று கத்தி, ஒரே ரகளையாகிவிட்டது.

நகராட்சிக் குளம் அது. மேலே கூரை, ஒரு குரல் கொடுத்தால் நான்காகத் திரும்பி வரும். மூக்கை எரிக்கிற குளோரின் வாடை. பெரிய குளம் ஒன்று, சின்னது ஒன்று. சின்னக் குளத்தில் படியருகே கணுக்கால் அளவுதான் தண்ணீர்; அப்புறம் தரை சறுக்கலாக இறங்கி, மறு கோடியில் பெரியவர்களுக்கு இடுப்பு வரை வரும். காவலுக்கு உயர்ந்த நாற்காலியில் ஒரு பெண் விசிலோடு உட்கார்ந்திருப்பாள். கெட்டிக்காரி. ஆனாலும் சாவி அவளிடம் எதையும் விட்டுவைப்பதில்லை. அவளும் அதையேதான் சொல்வாள்: "எனக்கு இருக்கறது ரெண்டு கண்ணு. குளத்துல எத்தன தலைன்னு பாருங்க."

சாவியின் சட்டதிட்டங்கள் கொஞ்சம்தான். ஆனால் அசைக்க முடியாது. பட்டாணி அவருடைய கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். எட்டுகிறதா என்று அவ்வப்போது கையை நீட்டி அவன் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். அவன் அதற்கெல்லாம் பழகிவிட்டான். கொசு உட்கார்ந்ததுபோல் தலையை ஆட்டிவிட்டு விளையாடுவான். கைகளில் மாட்டுகிற காற்றுப் பைகள் எத்தனை இருந்தாலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "காத்து எப்ப வேணா எறங்கிப் போயிடும். காத்துகிட்ட யாராவது புள்ளைய விட்டுட்டுப் போவாங்களா?" என்பார். மூன்று பேரும் ஒரே குளத்தில்தான் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. தவளைக்கு இதில்தான் ஆத்திரம். ஆரம்ப நிலை நீச்சல் வகுப்பை முடித்து, பெரிய குளத்தில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகிறவள், தம்பிக்காகச் சின்னக் குளத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடக்க வேண்டியிருக்கிறது. ஒருவருக்குக் கழிப்பறை அவசரம் வந்தால் மூவருக்கும் வந்தாக வேண்டும். ஆண்கள் கழிப்பறை வாசலில் தவளை மாமாவின் பார்வைபடும்படி சுவரோடு ஒட்டி நின்று, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் "நான் சும்மாதான் நிக்கிறேன்" என்று விளக்கம் சொல்லி அலுத்துவிட்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. அக்காவோ வேறு யாரோ கூட வந்திருந்தால், அவர் தண்ணீரை விட்டு ஏறுவதற்கு முன்னால் கேட்பார்: "யாரு கண்ணு?"

"என் கண்ணு" என்று ஒருவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. 'பாத்துக்கறேன்' என்றாலும் செல்லாது. "'பாத்துக்கறேன்'னு எல்லாரும்தான் சொல்வாங்க. கண்ணு யாருதுன்னு தெரியணும்ல?" என்பது அவருடைய வாதம். 'என் கண்ணு' என்று சொன்னவர் அதன்பிறகு வேறெங்கும் பார்க்கக் கூடாது. அவர் திரும்பி வந்து "இப்ப என் கண்ணு" என்ற பிறகுதான் விடுதலை. வீட்டில் இது பெரிய கேலிப்பொருள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அக்கா "யாரு கண்ணு?" என்று குரல் கொடுப்பாள். பட்டாணி கூட, பொம்மைக் காரைக் கட்டிலடியில் நிறுத்திவிட்டுப் போகும்போது யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் போவான்.

தவளையின் பிறந்த நாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. அப்பா எங்கெங்கோ பேசி, லாரியை வேறொருவரிடம் மாற்றிவிட்டு வந்து சேர்ந்தார். எங்கே கொண்டாடலாம் என்று கேட்டதற்கு அவள் குளத்தில்தான் என்றாள். அப்பா இருந்தால் பெரிய குளத்துக்குப் போகலாம் என்ற கணக்கு. அவர் இளவயதில் போட்டிகளில் நீந்திப் பதக்கம் வாங்கியவர். தோள் இன்னும் கதவு அகலத்துக்கு இருக்கும். அவருடைய லாரி நண்பர்கள் இருவர் குடும்பத்தோடு வந்தார்கள். அக்காவுக்கு மதியம்தான் வேலை முடியும். நேரே வந்துவிடுகிறேன், அதுவரை கேக்கை வெட்டாதீர்கள் என்று சொல்லியிருந்தாள். கேக்கை ஈக்கும் பட்டாணிக்கும் எட்டாதபடி உடை மாற்றும் அறையில் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

சாவியையும் சேர்த்துப் பெரியவர்கள் ஆறு பேர். நண்பர்களும் மனைவிமாரும் சின்னக் குளத்தின் விளிம்பில் காலைத் தண்ணீரில் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளின் அப்பா, சாவிக்கு அத்தான், தொடையளவுத் தண்ணீரில் நடுவில் நின்று, வழியில் எங்கோ மலைச்சாலையில் பிரேக் பிடிக்காமல் போன கதையைச் சொன்னார். நன்றாகக் கதை சொல்வார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாவி மட்டும் சிரிப்புக்கு நடுவில் கையை நீட்டி நீட்டிப் பட்டாணியின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தார். அத்தானுக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு. "எங்க மாப்ளைய பாருங்க, தேங்காய் வாங்க வந்தவன் தட்டிப் பாக்கற மாதிரி," என்றார். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். சாவியும் அசடு வழிந்தார்.

அப்போதுதான் நுழைவுச்சீட்டு அம்மாள் வந்தார். கேக் வைத்த பெட்டியின் பூட்டு இறுகிக்கொண்டதாம். சாவி உள்ளே போகிறது, திரும்ப மறுக்கிறது. இரண்டு பேர் முயன்று பார்த்து விட்டுவிட்டார்கள். "நீங்க ஒரு நிமிஷம் வந்து கைய வெச்சா போதும்," என்றார்.

பூட்டு என்று காதில் விழுந்தாலே சாவிக்கு விரல் துறுதுறுக்கும். அது அவருடைய பலவீனம். அதிலும் கேலி செய்த கூட்டத்துக்கு முன்னால் தன்னைத் தேடிக்கொண்டு வந்து கூப்பிடுகிறார்கள். கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார். ஏறும்போது கேட்க மறக்கவில்லை. "யாரு கண்ணு?"

நண்பர்களின் மனைவிமார் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அத்தான் ஈரக் கையை வீசினார். "நாங்க இத்தன பேர் இருக்கோம்ல. போ மாப்ள, போய் கேக்க காப்பாத்து."

சாவி நின்றார். இன்னொரு முறை கேட்டால் எல்லார் முன்னாலும் சிறுபிள்ளைத்தனமாக இருக்குமோ என்று பட்டது. போய்விட்டார்.

பெட்டியின் முன் முழங்காலிட்டு, சீட்டு அம்மாள் கொடுத்த கொண்டை ஊசியை நிமிர்த்தி உள்ளே விட்டார். காதை ஒட்டி வைத்தார். பூட்டு பேச ஆரம்பித்தது. உள்ளே முதல் தடுப்பு விலகியது. இரண்டாவதைத் தேடிக்கொண்டிருந்தபோது, பூட்டுக்குள்ளிருந்து வருகிற சத்தத்தை விட்டுவிட்டு அவர் காது கூரையில் எதிரொலித்த சிரிப்பைக் கேட்டது. ஆறு பேரில் தன்னைக் கழித்தால் ஐந்து. ஐந்து பேரும் சிரிக்கிறார்கள். தவளையின் கூச்சல் கேட்கிறது. மற்றக் குழந்தைகளின் சத்தமும் கேட்கிறது. பட்டாணி? அவன் வாய் ஓயாதவன். அவன் சத்தம் எங்கே?

யாரும் 'என் கண்ணு' என்று சொல்லவில்லை.

ஊசியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தார். என்ன ஆச்சு என்று அந்த அம்மாள் கேட்டது காதில் ஏறவில்லை. ஓடாதீர்கள் என்று பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருக்கிற வழுக்குத் தரையில் ஓடினார்.

எல்லாம் அப்படியேதான் இருந்தது. அதுதான் பயங்கரம். விளிம்பில் கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. அத்தான் கைகளை ஸ்டியரிங் போலப் பிடித்துக்கொண்டு கதையின் உச்சத்தில் இருந்தார். அவருடைய அகலமான முதுகுக்குப் பின்னால், தரை சறுக்கி இறங்குகிற இடத்தில், பட்டாணி நின்றுகொண்டிருந்தான். நிற்பது போல இருந்தான். முகம் கூரையை அண்ணாந்திருந்தது. தண்ணீர் வாய் வரைக்கும் வந்து, மூடி, விலகி, மறுபடி மூடியது. கைகள் இரண்டும் தண்ணீரைக் கீழே கீழே அமுக்கின, கண்ணுக்குத் தெரியாத ஏணியில் ஏறுவது போல. சத்தம் இல்லை. தண்ணீர் தெறிக்கவில்லை. முடி கண்களின் மேல் ஒட்டியிருந்தது. அதை ஒதுக்கக்கூட அவன் கை மேலே வரவில்லை.

சாவி குதித்தார். குறுக்கே நின்ற அத்தானைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுக் கையை நீட்டினார். எட்டியது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். ஒரு கணம் ஒன்றுமே இல்லை. பிறகு பட்டாணி இருமினான். பிறகு வாந்தி எடுத்தான். பிறகு அழுதான். மூன்றும் சாவியின் தோளிலேயே நடந்தன.

விசில் அலறியது. காவல் பெண் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, குழந்தையை வாங்கி, பக்கவாட்டில் படுக்கவைத்து, மூச்சைப் பார்த்தாள். நன்றாக அழுகிறான், நல்லதுதான்; ஆனாலும் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, இப்போதே மருத்துவரிடம் காட்டுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைக்க வேண்டாம் என்றாள். விளிம்பில் இருந்தவர்களில் ஒரு பெண்மணிக்கு முகம் வெளிறிவிட்டது. அவள் நேர் எதிரே உட்கார்ந்திருந்தவள். "நான் பாத்தேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "பாத்துக்கிட்டேதான் இருந்தேன். வானத்த பாத்து வெளையாடுறான்னு நெனச்சேன்."

பக்கத்துத் தெரு மருத்துவமனையில் மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். பயமில்லை, ஆனால் சாயங்காலம் வரை இங்கேயே இருக்கட்டும், மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். சாவிக்கு அப்போதுதான் தன் கால்சட்டையிலிருந்து நீர் சொட்டித் தரையெல்லாம் குளமாகியிருப்பது தெரிந்தது. அத்தான் சுவரைப் பார்த்து நின்றார்.

தவளை தாழ்வாரத்து நாற்காலியில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குதிக்கவில்லை. வெகுநேரம் கழித்து மாமாவின் பக்கத்தில் வந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"நான் பாத்திருக்கணுமா மாமா?"

சாவி அவள் உயரத்துக்குக் குனிந்தார். "இல்லடா. அது பெரியவங்க வேலை. உனக்கு அதுல ஒரு வேலையும் இல்ல. உன் வேலை குதிக்கறது."

அவள் தன் துண்டைக் கழற்றி அவர் தோளில் போட்டுவிட்டுப் போனாள்.

அக்கா வேலை உடையோடு வந்து சேர்ந்தாள். முதலில் பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். அப்புறம்தான் இருவரையும் பார்த்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. யார் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

"நான்தான்கா விட்டுட்டுப் போனேன்," என்றார் சாவி. "பதில் வராமலே போயிட்டேன்."

"போன்னு சொன்னது நான்," என்றார் அத்தான், சுவரைப் பார்த்தபடியே.

அக்கா திட்டியிருந்தால் இருவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பட்டாணியின் மூக்கைத் துடைத்தாள். அவன் அந்தக் கையை விலக்கிவிட்டு, கரகரத்த குரலில் கேக் எங்கே என்று கேட்டான். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

கேக் பூட்டுக்குள்ளேயே இருந்தது. கொண்டை ஊசி பாதியில் செருகிக்கொண்டிருந்ததால் வேறு யாராலும் அதைத் தொடக்கூட முடியவில்லை. மருத்துவர் போகலாம் என்று சொன்ன பிறகு எல்லாருமாகக் குளத்துக்கு வந்தார்கள். சாவி பெட்டியின் முன் உட்கார்ந்தார். கண்ணை மூடினார், உடனே திறந்துவிட்டார். மூடினால் அண்ணாந்த முகம் ஒன்று வந்து நிற்கிறது. கண் சிமிட்டும் நேரத்தில் திறக்கிற பூட்டு அன்றைக்கு அவரைப் பாடாய்ப் படுத்தியது. ஊசியை மூன்று தடவை கீழே போட்டார். யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் திறந்தபோது அவர் முகத்தில் வழக்கமான பூரிப்பு வரவில்லை. உருகி ஒரு பக்கம் சாய்ந்திருந்த கேக்கை அங்கேயே, ஈர வாடைக்கு நடுவில், பலகையில் வைத்து வெட்டினார்கள். நுழைவுச்சீட்டு அம்மாளுக்குப் பெரிய துண்டு போயிற்று. காவல் பெண் நாற்காலியிலிருந்து இறங்காமலே, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே தன் பங்கைச் சாப்பிட்டாள்.

அதன்பிறகு பட்டாணி குளிக்க மறுத்தான். தலையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் வீடு இடிகிற மாதிரி கத்தினான். ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தார்கள். அதற்கும் கண்ணை இறுக்கிக்கொண்டான். சாவி அக்கா வீட்டுப் பக்கமே வரவில்லை. கடையிலேயே கிடந்தார். வழக்கத்துக்கு மாறாக ஒரு பொருளும் தொலையவில்லை. குடை வைத்த இடத்தில் இருந்தது, கண்ணாடி நெற்றியில் இருந்தது. பக்கத்துக் கடைக்காரர் கவலைப்பட்டு, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார்.

வெள்ளிக்கிழமை மாலை அக்காவே கடைக்கு வந்தாள். உள்ளே இடமில்லாததால் தெருவில் நின்றபடி பேசினாள். நாளைக்குப் பிள்ளைகளைக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றாள். இப்போது விட்டுவிட்டால் இவன் காலத்துக்கும் தண்ணீரைக் கண்டால் ஓடுவான், நீச்சலே வராது, அது இன்னும் ஆபத்து என்றாள்.

சாவி ஒரு சாவியை அரத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தார். தேய்க்க வேண்டிய அளவுக்கு மேல் தேய்த்துவிட்டார். "வேற யாரையாச்சும் அனுப்புக்கா," என்றார்.

"வேற யாரு?" என்றாள் அக்கா.

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிள்ளைகளின் பையைக் கடை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அத்தானும் குளத்துக்கு வந்தார். வாரம் முழுவதற்குமான லாரி ஓட்டத்தை ஒத்திப்போட்டிருந்தார். தவளையை அழைத்துக்கொண்டு பெரிய குளத்துக்குப் போனார். போகுமுன் சின்னக் குளத்தை ஒரு முறை பார்த்தார். "இவ என் கண்ணு," என்றார். "அவன்?"

"என் கண்ணு," என்றார் சாவி.

பட்டாணி படியில் நிற்கவில்லை. படிக்கு நாலடி தள்ளி, சுவரோடு ஒட்டிக்கொண்டு, துண்டை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றான். சாவி கூப்பிடவில்லை. முதலில் அவனோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தரை சில்லென்று இருந்தது. மற்றப் பிள்ளைகள் கத்தினார்கள், தண்ணீரை வாரி அடித்தார்கள். ஒரு துளி வந்து பட்டாணியின் முழங்காலில் விழுந்தது. அவன் அதைத் துண்டால் ஒற்றி எடுத்தான். சாவி கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பொறுத்து அவனும் நகர்ந்தான். படி வரைக்கும் வந்து சேருவதற்குள் காவல் பெண்ணின் முறை முடிந்து வேறொருத்தி நாற்காலியில் ஏறிவிட்டாள்.

சாவி மட்டும் இறங்கினார். கணுக்கால் அளவுத் தண்ணீர். அதில் மண்டியிட்டு, கண்ணைப் பிள்ளையின் முகத்திலிருந்து எடுக்காமல், வலது உள்ளங்கையை மலர்த்தித் தண்ணீரின் மேல்மட்டத்தில், படியை ஒட்டி வைத்தார். கை நிறையக் கம்பி கிழித்த தழும்புகள். வா என்று சொல்லவில்லை. விரல்களைக்கூட அசைக்கவில்லை.

பட்டாணி அந்தக் கையைப் பார்த்தான். மாமாவின் முகத்தைப் பார்த்தான். மறுபடி கையைப் பார்த்தான். துண்டை விடாமல், ஒரு காலைத் தூக்கி, தரை கெட்டியாக இருக்கிறதா என்று சோதிக்கிறவனைப் போல, மெல்ல அந்த உள்ளங்கையின் மேல் வைத்தான்.